பன்னிரண்டாவது கால்

என் அம்மா என்னைப் போர்டிங் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, என் கட்டிலில் எழுபது வயது தாண்டிய ஒரு கிழவரைப் படுக்கவைக்கப் போகிறாள் என்று ஒரு தவக்காலம் முழுவதும் நம்பினேன். சும்மா இல்லை, ஆதாரங்களோடு நம்பினேன். இன்று முப்பதைத் தாண்டிய வயதில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் நான்தான் முதலில் சிரிக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. வயிற்றுப்போக்குதான் வந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீடு. அதில் முருங்கை மரத்தைப் பார்த்த சின்ன அறை என்னுடையது. அங்கே ஓர் இரும்புக் கட்டில். ஒற்றைப் பிள்ளை என்பதால் அறைக்கும் கட்டிலுக்கும் அம்மாவுக்கும் நான் ஒருவனே உரிமையாளன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் எங்கள் கோயிலுக்குப் புதிதாக ஒரு பங்குச் சாமியார் வந்தார். சாம்பல் புதன் முடிந்த வாரம் அம்மா அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். மற்ற பெண்களெல்லாம் இரண்டு நிமிடத்தில் முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார்கள். அம்மா மட்டும் வெகுநேரம் வரவில்லை. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற மீன்கார அம்மா, "இன்னா, ஊரு பாவத்தையெல்லாம் சேத்து சொல்றாளா?" என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது. அம்மா திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. மறுநாள் மாலை சாரம் பகுதியில் சிஸ்டர்கள் நடத்துகிற முதியோர் இல்லத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கேதான் அந்தக் கிழவரைப் பார்த்தேன். உயரமான, ஒட்டிய கன்னமுள்ள மனிதர். மில்லில் வேலை பார்த்தவராம். அம்மா அவர் முன்னால் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "போன்ழூர் முசியே, இன்னா வயசு ஒனக்கு?" என்றார். பழைய பிரெஞ்சு ஊர்ப் பழக்கத்தில் அவருக்குப் பால்காரரும் முசியேதான், வாட்ச்மேனும் முசியேதான் என்று பிறகு தெரிந்தது. நான் பத்து என்றேன். "அப்ப சரி," என்று தலையாட்டினார். என்ன சரி என்று சொல்லவில்லை.

அம்மா அந்தத் தவக்காலத்துக்கு காப்பியை விட்டாள். ராத்திரி எட்டு மணி சீரியலையும் விட்டாள். எனக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு அடித்த நாளில்கூட சீரியலில் விளம்பரம் வரும்போதுதான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவள் அவள். அப்படிப்பட்டவள் ஒரு கிழவருக்காக டிவியையே மறந்தாள் என்றால் விஷயம் பெரிது என்று அப்போதே புரிந்துகொண்டேன்.

வாரத்தில் மூன்று நாள் தூக்கில் ரசமும் சுரைக்காய்க் கூட்டும் எடுத்துக்கொண்டு சாரத்துக்குப் போவோம். அங்கே அவர் கால்களை வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, துடைத்து, மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகம் வெட்டுவாள். அவசரமே இல்லாமல் வெட்டுவாள். எனக்கு வெட்டும்போது கோழியைப் பிடிப்பதுபோலக் காலைப் பிடித்து, "ஆடாத, சனியனே" என்பாள். அவருக்கு மட்டும், "வலிக்குதா? சொல்லுங்க, வலிக்குதா?"

நானும் சும்மா இருக்கவில்லை. மூன்று வாரம் கால் நகம் வெட்டாமல் வளர்த்துப் பார்த்தேன். அம்மா கவனிக்கவில்லை, பிடி மாஸ்டர்தான் கவனித்தார். ஒரு நாள் பக்கெட்டில் வெந்நீர் ஊற்றி உப்பை அள்ளிப் போட்டு இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டு, "அம்மா, கால் குடையுது" என்று முனகினேன். "சமையலுக்கு வச்சிருந்த உப்பு மொத்தமும் இதுல போட்டியா?" என்றாள். குடைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதுவரைக்கும் வெறும் வயிற்றெரிச்சல். பீதி வந்தது குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம்.

அன்று கிழவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்த இரும்புக் கட்டிலு இன்னும் கால்மாட்டுப் பக்கம் ஆடுதா, முசியே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆடத்தான் செய்தது. நான் புரண்டு படுத்தால் கிரீச் என்று கத்தும். ஆனால் அது இவருக்கு எப்படித் தெரியும்? அம்மா என் கட்டிலின் குறைநிறைகளைச் சொல்லி இவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டிருக்கிறாள்! "முருங்க மரம் காய்க்குதா?" என்று அடுத்த கேள்வி. ஜன்னல் வழியே என்ன தெரியும் என்பதுவரை பேசி முடித்திருக்கிறார்கள்.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம், "ஈஸ்டருக்குள்ள அந்த ரூம ஒழிச்சிடணும்" என்றாள். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் எதற்குமே தலையைத் தூக்குகிறவர் இல்லை. அம்மா சாரத்துக்குக் கிளம்பினாலே பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். "நீங்களும் ஒருதரம் வரலாம்ல?" என்று அம்மா கேட்டால் பேப்பர் ஒரு பக்கம் புரளும். அவ்வளவுதான்.

சேட்டை செய்த ஒவ்வொரு முறையும், "ஒன்ன திண்டிவனத்துல போர்டிங்ல போட்டாத்தான் சரிப்படுவ" என்று அம்மா மிரட்டுவது வழக்கம். அறையை ஒழிக்க வேண்டும், கட்டிலில் கிழவர், போர்டிங்கில் நான். கணக்கில் எப்போதும் பெயில் ஆகிற நான் அந்தக் கூட்டலை மட்டும் ஒரே தடவையில் போட்டு முடித்தேன்.

இதற்கு நடுவில் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் நெருங்கியது. அன்று பூசையில், ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துப் பாதம் கழுவுவார். எங்கள் கோயிலில் அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளும் வருடா வருடம் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கே போகும். அவர்கள் வலது காலை மட்டும் காலையிலிருந்தே சோப்புப் போட்டுத் தேய்த்து, பவுடர்கூடப் போட்டுக்கொண்டு வருவார்கள். சாமியார் கழுவப்போவது அந்த ஒரு காலைத்தான். புதுச் சாமியார் அதில் கையை வைத்தார். இந்த வருடம் முதியோர் இல்லத்திலிருந்து பன்னிரண்டு பேர் என்று அறிவித்துவிட்டார்.

கிழவர் பட்டியலில் இருந்தார். கடைசி நாற்காலி ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசுடையது என்பது எங்கள் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளின் உறுதியான நம்பிக்கை. இல்லத்திலும் அதில் உட்கார யாரும் முன்வரவில்லையாம். "எனக்கே குடுங்க. யூதாசுக்கும் காலு கழுவித்தானே விட்டாரு?" என்று கிழவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாராம். அம்மா இதை வீட்டில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். பூசை முடிந்ததும் அவரை நேராக நம் வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம் என்றும் சொன்னாள். புதிதாக ஒரு தலையணை உறை தைத்தாள். நீலப் பூப்போட்டது. என் தலையணைக்கு உறையே கிடையாது.

புதன்கிழமை அம்மாவுக்குப் பாட்டுக்குழுப் பயிற்சி. தூக்கை என் சைக்கிளில் மாட்டி, "நீ குடுத்துட்டு வா. நாளைக்கு சாயங்காலம் வேன்ல கோயிலுக்கு வந்துடட்டும், அங்கேர்ந்து நான் கூட்டிம்போறேன்னு சொல்லு" என்று அனுப்பினாள்.

வழியெல்லாம் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன். இல்லத்து முற்றத்தில் ஒரே கூத்து. பன்னிரண்டு கிழவர்களும் குழாயடியில் வரிசையாக உட்கார்ந்து தேங்காய் நாரால் வலது காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இடது காலை எவரும் திரும்பியும் பார்க்கவில்லை. நம் கிழவரும் ஒரு கல்லை எடுத்துக் குதிகாலை உரசிக்கொண்டிருந்தார்.

"வா முசியே. பாரு, ஒத்தக் காலு துரை மாதிரி ஆயிடுச்சு!"

நான் தூக்கைக் கீழே வைத்தேன். மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

"அம்மா சொல்லச் சொன்னாங்க. வீட்ல எடம் பத்தாதாம். நீங்க இங்கயே இருங்களாம்."

அவர் கை நின்றுவிட்டது. கல்லைக் குழாய் மேடையில் வைத்தார். ஈரக் காலை வேட்டியால் துடைத்துக்கொண்டார்.

"அப்பா இன்னா சொன்னாரு?"

"அப்பா ஒண்ணும் சொல்லல."

"ஆமா," என்றார். "அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

என் அப்பாவை 'அவன்' என்கிறாரே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செய்தது சரிதான் என்று தேற்றிக்கொள்ள அந்தக் கோபம் உதவியாகவும் இருந்தது. அவர் தூக்கைத் திறக்கவில்லை. "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி மட்டும் சொல்லி உள்ளே போனார். வீடு வரைக்கும் விசில் அடித்துக்கொண்டு வந்தேன். ஒரு கட்டிலைக் காப்பாற்றிய வீரன் நான்.

மறுநாள் மாலை கோயில் வாசலில் வேன் வந்து நின்றது. அம்மா பட்டுப்புடவையில், கையில் புதுத் துண்டோடு நின்றாள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். பதினோரு பேர்.

"அவரு வரலம்மா," என்றார் சிஸ்டர். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து படுத்தே கெடக்குறாரு. ஜுரமும் இல்ல ஒண்ணும் இல்ல. வரலன்னா வரல."

அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு முன்வரிசையில் போய் ஒளிந்துகொண்டேன். ஒளிவதற்கு உலகத்திலேயே மோசமான இடம் அதுதான். பாட்டு ஆரம்பித்ததும் கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் பதறிக்கொண்டு ஓடிவந்தார். அவர் கண்ணில் பட்ட முதல் ஆண்பிள்ளை நான்.

"எந்திரிடா. போய் அந்தக் கடசி சேர்ல ஒக்காரு."

"நானா? சார், அது யூதாஸ்..."

"இப்ப எவனா இருந்தா இன்னா? பன்னெண்டு காலு வேணும்டா. வா!"

காதைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்தார். கிழவரின் நாற்காலியில் நான். என் பக்கத்தில் பதினோரு வலது கால்கள் பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தன. என் வலது கால் அன்று மத்தியானம் கிரிக்கெட் விளையாடிச் சாணியில் வைத்து, மண்ணில் தேய்த்துச் சுத்தம் செய்த கால். மூன்று வாரத்து நகம் வேறு. இடது கால் கொஞ்சம் தேவலை என்று அதை நீட்டினேன்.

உபதேசியார் பல்லைக் கடித்துக்கொண்டு, "சோத்துக் காலுடா!" என்றார்.

சாமியார் ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு முழங்காலாலேயே நகர்ந்து வந்தார். அவருக்கு எல்லாம் தெரியும், என் முன்னால் வந்ததும் எழுந்து நின்று மைக்கைப் பிடித்து, "இதோ யூதாசு!" என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் என் காலைப் பிடித்தார். தண்ணீரை ஊற்றினார். அது கறுப்பாக இறங்கியது. மறுபடி ஊற்றினார், விரலிடுக்கில் கைவிட்டுத் தேய்த்தார், துடைத்தார், குனிந்து அந்தக் காலை முத்தமிட்டார்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். தேம்பித் தேம்பி, மூக்கு ஒழுக, ஒலிபெருக்கியில் கேட்கிற அளவுக்கு.

பூசை முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "இந்த வயசுல இன்னா பக்தி! எங்க வூட்டுலயும் ஒண்ணு இருக்குதே, தண்டம்," என்று மீன்கார அம்மா என் கன்னத்தைக் கிள்ளியது. இந்த வதந்தியால் எனக்குப் பள்ளி முடிக்கும்வரை சாமியாராகப் போகிறவன் என்று பெயர் இருந்தது. அம்மா மட்டும் பாராட்டவில்லை. "அவரு சேர்ல நீ ஒக்காந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, புதுத் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் அவள் சாப்பிடவில்லை. அடுக்களைச் சுவரில் சாய்ந்து அழுதாள். "வர மாட்டாருன்னு எனக்குத் தெரியும். நான் செஞ்சதுக்கு அவரு எப்பிடி இந்த வாசல மிதிப்பாரு?" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா அன்று பேப்பரை விரிக்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று ஆராய்ந்தேன். அம்மா என்ன செய்தாள்? ஒருவேளை நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டிவிட்டாளோ? அதோடு இன்னொன்றும் தோன்றியது. இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இவள் எனக்காக ஒரு நாளாவது இப்படி அழுதிருக்கிறாளா?

இரவு கட்டில் ஆடிக்கொண்டே இருந்தது. கட்டிலா நானா என்று சொல்ல முடியவில்லை.

பெரிய வெள்ளி காலையில் பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நின்றேன். என் திட்டம் எளிமையானது. கும்பலில் கோவிந்தா போடுவது. பொய் சொன்னேன், சண்டை போட்டேன், உப்பை வீணாக்கினேன் என்று வேகமாக அடுக்கி, நடுவில் இதையும் செருகிவிட்டேன்.

"அந்த நடுவுல சொன்னத இன்னொரு தரம் சொல்லு," என்றார் சாமியார்.

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். கட்டில், போர்டிங், தலையணை உறை எல்லாவற்றையும் சொன்னேன். முடித்துவிட்டு நானே விலை பேசவும் ஆரம்பித்தேன். "அம்பது அருள்நிறை மந்திரம் சொல்றேன் ஃபாதர். முட்டிக்கால் போட்டே சொல்றேன். நூறுன்னாலும் சரி."

"மந்திரம் ஒண்ணும் வேணாம். யாருக்குச் செஞ்சியோ அவருகிட்ட போய்ச் சொல்லு. அதான் ஒனக்கு அபராதம்."

"ஃபாதர், நூத்தம்பது..."

"எழுந்து போடா."

சனிக்கிழமை யாருக்கும் தெரியாமல் சைக்கிளை எடுத்தேன். பாதி வழியில் செயின் கழன்றது. கடவுளே வேண்டாம் என்கிறார் என்று திரும்பப் பார்த்தேன். எதிரே வந்த ஒரு மனிதர் வண்டியை நிறுத்தி, செயினை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். உதவி செய்வதற்கென்றே நேரம் பார்த்து வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கிழவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"அம்மா அப்பிடிச் சொல்லல. நானேதான் சொன்னேன். எடம் பத்தாதுன்னு அம்மா சொல்லல."

அவர் திரும்பினார். எழுந்து உட்கார்ந்தார்.

"அந்த வார்த்தைய ஒனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரும் இல்ல. நானா யோசிச்சேன்."

"நானாவா..." அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா என்று குனிந்து பார்த்தேன். சிரிப்பும் இருந்தது. "ஒரு எழுத்துகூட மாறல, முசியே."

என் பொய்யின் தரத்தைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத. எப்பவும் சொல்லாத. அவ தாங்க மாட்டா." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு நான் வரேன்னு மட்டும் சொல்லு."

எனக்கு விழவேண்டிய அடியை அவர் தடுத்துவிட்டார் என்று அன்று நன்றியோடு வீடு திரும்பினேன். போர்டிங் பெட்டிக்கு என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்றும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஈஸ்டர் அன்று அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே சாரத்துக்குப் போனார். கிழவரைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். வாசலில் அவரை இறக்கிவிட்டு, "பாத்து எறங்குங்க சித்தப்பா" என்றார். வழியெல்லாம் பேசினாரோ இல்லையோ, என் காதில் விழுந்தது அது ஒன்றுதான். அப்பா டீக்கடைக்காரரை மாமா என்பார், எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியாரைப் பெரியப்பா என்பார். இவர் சித்தப்பா. அதில் எனக்கொன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அம்மா சொம்பில் தண்ணீரைக் கையில் கொடுப்பாள், அவர்களே காலைக் கழுவிக்கொள்வார்கள். அன்று சொம்பை அவர் கையில் கொடுக்கவில்லை. குனிந்து அவளே ஊற்றினாள். தேய்த்துக் கழுவினாள். வலது கால், பிறகு இடது கால், இரண்டையும். பெரிய வியாழன் முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டதே, இவருக்கு மட்டும் எதற்குத் தனியாக இன்னொன்று என்று எனக்கு மறுபடி வயிறு எரிந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அவர் யாரிடமும் வழி கேட்காமல் என் அறைக்குள் போனார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, ஒரு காலண்டர் அட்டையை நாலாக மடித்து இரும்புக் காலுக்கு அடியில் செருகினார். படுத்தார். கிரீச் என்ற சத்தம் வரவில்லை. பத்து வருடமாக நான் கேட்டு வளர்ந்த சத்தம் அது.

அவர் எங்களோடு நான்கு வருடம் இருந்தார். நான் போர்டிங்குக்குப் போகவில்லை. கீழே பாய் போட்டுப் படுத்தேன். மழைக்காலத்தில் அவர் இருமல் அதிகமாகும். தூக்கம் கெடுகிறது என்று அம்மாவிடம் முறையிடுவேன். "இருமட்டும்," என்பாள். "நல்லா இருமட்டும்."

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அப்பா வாய் திறந்தார். அவர் அப்பாவின் சொந்தச் சித்தப்பா. கல்யாணம் செய்துகொள்ளாமல் மில் வேலையில் அப்பாவை வளர்த்துப் படிக்கவைத்தவர். அந்த வீட்டைக் கட்டியவரும் அவரே. நான் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம், அவருடைய இருமல் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, வீட்டில் இடம் பத்தாது, நீங்கள் இல்லத்தில் போய் இருங்கள் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தவள் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

இரும்புக் கட்டில் அவருடையது. அறையை எனக்காக ஒழித்தார்கள்.